வேறு ஒருவர் திறந்து வைத்திருக்கிறார்

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே ஸ்டூல், அதே மிஷின். கடையில் எல்லாருக்கும் அவள் கண்ணாடி அக்கா. லென்ஸ் முடி கனம் பிசகினாலும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பாள். முதலாளி முகம் சுளித்தால் கண்டுகொள்ளவே மாட்டாள். இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், தன் வீட்டுக்குள் நடந்த ஒன்றை மட்டும் ஐந்து மாதம் பார்க்காமல் இருந்தாள்.

வீட்டில் மூன்று பேர், ஒரு கம்ப்யூட்டர். மகன் வாங்கித் தன் அறையில் போட்டது. நெட்டையாக, ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருப்பான் என்பதால் வீட்டில் அவன் பெயர் ஒட்டடைக்குச்சி. திரையில் மூன்று வட்டங்கள்: அப்பா, அம்மா, அவன். ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஆனால் போட்டோக்களை மட்டும் ஒரே லைப்ரரியாக்கிப் பொதுவான இடத்தில் வைத்தான்.

"ஒரே போட்டோவை மூணு பேரும் மூணு தடவை ஏத்தி இடத்தை அடைக்கிறீங்க. இனிமே எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒருத்தர் சேர்த்தா எல்லாருக்கும் வரும், ஒருத்தர் அழிச்சா எல்லாருக்கும் போயிடும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் திறக்க முடியும். புரிஞ்சுதா?"

அம்மாவுக்குப் புரிந்தது. அப்பா பஸ் டிரைவர். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் பலமாகத் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினால் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை என்று அர்த்தம்.

விதி சொன்னவனே விதியை மீறுவான். லைப்ரரியைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவான். இவள் தன் கணக்கில் நுழைந்து திறக்கப் போனால் திரையில் வந்து நிற்கும்: 'இந்த லைப்ரரியை வேறு ஒருவர் திறந்து வைத்திருக்கிறார்.' இவள் போனில் கத்துவாள். "சாரிம்மா, சாரிம்மா" என்பான். மறுநாளும் அதே கூத்துதான். தன் மூஞ்சி சரியாக விழாத படங்களை யாரையும் கேட்காமல் அழித்துவிடுவான்; அதற்குத் தனியாகத் திட்டு வாங்குவான்.

இருபத்துமூன்று வயதில் காய்ச்சல் என்று படுத்தான். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவும் அம்மாவும் மட்டும் வீடு திரும்பினார்கள்.

"இனிமே அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே நான் போகமாட்டேன். என்னால முடியாது" என்று டிரைவர் அறைக் கதவைச் சாத்தினார். அவளோ நேர்மாறு. கடை முடிந்து ஏழு மணிக்கு வந்தால், தண்ணீர்கூடக் குடிக்காமல் அதன் முன்னால்தான் உட்காருவாள். அவருக்கு மதிய ஷிப்ட் என்பதால் அந்நேரம் வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அவன் முகம் உள்ள படங்களைக் கம்ப்யூட்டரே ஒன்றாகச் சேர்த்து, கீழே எண்ணிக்கையும் காட்டும். அறுநூற்றுப் பதினொன்று.

அவன் போய் ஆறு மாதம் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை மாலை, லைப்ரரி திறக்கவில்லை. 'வேறு ஒருவர் திறந்து வைத்திருக்கிறார்' என்றது.

திரும்பிப் பார்த்தாள். காலியான அறை, காலியான கட்டில். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். திறந்தது. அறுநூற்றுப் பத்து. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிச் சிரிப்பானே, அந்தக் கடைசிப் படத்தைக் காணோம். செவ்வாய்க்கிழமை அறுநூற்று ஒன்பது.

கடைசியிலிருந்து முதலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் அவன் தாடி போயிற்று. அடுத்து, வேலைக்குச் சேர்ந்த அன்று போட்டுக்கொண்ட நீலச் சட்டை போயிற்று. பிறகு மீசை மெலியத் தொடங்கியது. செத்துப்போன பிள்ளை அவள் கண் முன்னாலேயே நாளுக்கு நாள் சின்னவனாகிக்கொண்டிருந்தான்.

பயமாகத்தான் இருந்தது. பிடரிக்குப் பின்னால் யாரோ குனிந்து திரையைப் பார்ப்பது போல இருக்கும். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிது. திறந்துபோட்டுவிட்டுப் போவது யாருடைய பழக்கம்? கேட்காமல் அழிப்பது யாருடைய பழக்கம்? ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு படமும் குறையவில்லை. ஞாயிறென்றால் அவன் மதியம் வரை தூங்குகிறவன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அறைக்குள் போகும்முன் கதவைத் தட்டினாள். "வரலாமாடா?" என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்து உள்ளே போனாள். அழித்த படங்கள் முப்பது நாள் ஒரு மூலையில் கிடக்கும், திரும்ப எடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அவன் வேண்டாமென்று எடுத்ததைத் திருப்பி வைக்க மனம் வரவில்லை. கணவரிடம் மூச்சு விடவில்லை. வெளியே சொன்னால் வருவது நின்றுவிடுமே. ஒரே கவலைதான் அவளை அரித்தது. எல்லாப் படமும் தீர்ந்துபோனால் அப்புறம் எதற்காக வருவான்?

உள்ளே இருப்பவர் யாரென்று அந்தத் திரையே சொல்லும். அவருடைய வட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் விழுந்திருக்கும். முடி கனப் பிசகைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது படவில்லை. படவில்லையாவது! பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடையில் மிஷின் பெல்ட் அறுந்தது. பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுக்குரல்.

டிரைவர் சீருடையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் பதினெட்டு வயது ஒட்டடைக்குச்சி, கவிழ்த்துப்போட்ட சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு நீதாண்டா. கடைசி வரைக்கும் செயின் மாட்டவே வரல உனக்கு" என்று அவர் சொன்னார். நெடுநேரம் பார்த்தார். "சரி, போயிட்டு வா." அழித்தார்.

"ஏங்க!"

தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். "நீ கடைக்குப் போகல?"

"எத்தனை நாளா இது?"

"அஞ்சு மாசமா. பக்கமே போகமாட்டேன்னு சொன்னேன், முடியல. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு நல்லாப் பார்த்துட்டு வழியனுப்புறேன். நீ வீட்ல இருந்தா திறக்கிறதில்ல. மொத்தமா அவனை விட முடியலம்மா, இப்படி ஒவ்வொண்ணாத்தான் முடியுது. நீ ஏன் பதறுற? என்னோடதுலதானே அழிக்கிறேன்? உன்னோடது உன்கிட்ட இருக்குமே!"

டிப்போவில் டிரைவர்களுக்கு ஆளுக்கொரு இரும்பு அலமாரி, ஆளுக்கொரு பூட்டு. இங்கேயும் தன் பெயர், தன் பாஸ்வேர்டு. உள்ளே இருப்பதும் தன்னுடையது மட்டும்தான் என்று மனிதர் நம்பியிருந்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணுதாங்க" என்றாள்.

அவர் முகம் செத்துவிட்டது. முப்பது நாளுக்குள் அழித்தவை இருபத்தாறு. அவற்றை அவள் மீட்டாள். அதற்கு முந்தைய நூற்று ஐந்து, போனது போனதுதான். "என் கையாலேயே அழிச்சுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். போன படங்களைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"அப்ப, அவன் வரவே இல்லையா?"

அவருக்குப் புரியவில்லை. திறக்காத லைப்ரரி, கதவைத் தட்டியது, பேசியது எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் அழுகை நின்றுபோயிற்று.

ஒன்றரை மணிக்கு முகம் கழுவிக்கொண்டு பையை எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"நான் வேணா திறந்தே வெச்சுட்டுப் போகட்டுமா? எதையும் அழிக்கமாட்டேன். சும்மா திறந்து மட்டும்."



"தினமும் வேண்டாம்" என்றாள். "என்னைக்குத் திறந்து வெச்சீங்க, என்னைக்கு வெக்கலன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."