டேங்க் மூடியில் கேட்ட மூச்சு

காசிராஜன் அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னது பட்டாசுக் கம்பெனி ஏஜெண்டு. யார் வாயிலிருந்து கேட்கக் கூடாதோ அந்த வாயிலிருந்தே கேட்டேன். காலையில் பட்டறையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். "நல்ல மனுசன். நான் அவர ஒரு வார்த்த சொன்னதில்ல" என்றார் ஏஜெண்டு போனில். நான் போனை வைத்துவிட்டேன். அவர் சொன்ன வார்த்தை எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. அண்ணாச்சியைத் தெரிந்தவர்கள் படிப்பீர்கள் என்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணாச்சி பணிவானவர், அமைதியானவர் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். விருதுநகரில் அவரைப்போல வாய் உள்ள மெக்கானிக் வேறு யாரும் இல்லை. பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே வண்டிக்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவார். பல தடவை சரியாக இருக்கும். தப்பாகப் போனால் வண்டியைத் திட்டுவார், வண்டிக்காரரையும் திட்டுவார். தொழில் தெரியாது என்று அவரைப் பார்த்து ஒருவர் சொல்லிவிட்டு நடந்து போக முடியாது.

பல வருஷத்துக்கு முன்னால் நான் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி, எங்கள் ஊர்ப் பெண்களைக் காலையில் கம்பெனிக்கு ஏற்றிப்போவார், சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். அந்த டிரிப்பைக் கொடுத்தது ஏஜெண்டு. கம்பெனிக்கு ஆள் சேர்த்துவிடுவது அவர்தான். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த டிரிப்பால்தான்.

கார் பழசானதால் உள்ளே பெட்ரோல் வாடை அடிக்கும். கூட வந்த மாரியம்மா, புருஷனை வெடிவிபத்தில் பறிகொடுத்தவள். "வெடிமருந்து ஒட்டுன சேலையோட இந்த வாடையில உக்காந்து வர என்னால ஆகாதுண்ணே" என்று ஒருநாள் இறங்கி நின்றுவிட்டாள். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. தீப்பொறி வரும் என்று கம்பெனியில் இரும்புச் சாமான்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். பயந்து பிழைக்கிற பிழைப்பு எங்களுடையது. என் வீட்டுக்காரர் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, பெட்ரோல் டேங்க் மூடிக்குள் வைத்து, டேங்கின் கழுத்தில் துணியும் சுற்றி இறுக்கினார். வாடை குறைந்தது. மாரியம்மா மறுபடி ஏறினாள்.

அதற்குப் பிறகுதான் கார் வழியில் நிற்கத் தொடங்கியது. கொஞ்ச தூரம் நன்றாகப் போகும். பிறகு இழுவை குறையும். மிதித்தால் முக்கும், குலுங்கும், அப்படியே அணைந்துவிடும். ஓரமாகத் தள்ளிச் சற்று நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். அதற்குள் கம்பெனி கேட்டைச் சாத்தியிருப்பார்கள், எங்களுக்கு அன்றைய வேலை போயிருக்கும். பாதுகாப்புக்காக வைத்த ரப்பரை யாரும் சந்தேகப்படவில்லை.

அண்ணாச்சி முதலில் கார்புரேட்டரில் குப்பை என்றார். கழற்றிக் கழுவினார். மறுபடி நின்றது. பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்றார். மாற்றினார். மறுபடியும் நின்றது. பட்டறையில் நிறுத்திச் சற்று நேரம் ஓடவிட்டால் இஞ்சின் சீராகத்தான் ஓடியது. அந்த இரண்டு தடவையும் அவர் அலட்டிய அலட்டலை நான் இன்றுவரை மறக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காக மறக்கப்போவதும் இல்லை.

ஏஜெண்டு வேறு கதை கட்டினார். என் வீட்டுக்காரர் பெட்ரோலை ஒழுங்காக ஊற்றுவதில்லை என்று கேட்டில் நின்று எல்லாருக்கும் சொன்னார். இன்னொரு தடவை நின்றால் டிரிப் தன் மச்சான் வேனுக்குப் போய்விடும் என்றார். என் வீட்டுக்காரருக்கு ரோஷம். மறுநாள் ஏஜெண்டு பார்க்கும்படி டேங்க் வழிய வழியப் பெட்ரோல் போட்டார். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே நின்றது. அதுவும் நாலுவழிச் சாலையைக் குறுக்கே கடக்கும்போது நட்டநடுவில் நின்றது. வந்துகொண்டிருந்த லாரிக்காரர் பிரேக் அடித்ததால் பிழைத்தோம். மாரியம்மாவும் இறங்கிக் காரைத் தள்ளினாள்.

நான் வேலைக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சியை என்ன கேட்க வேண்டுமோ எல்லாம் கேட்டேன். வழக்கமாகத் திரும்பக் கத்துகிறவர் அன்று கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நின்னு முடிஞ்ச பெறகு கொண்டாந்து காட்டுறீக தங்கச்சி. நிக்கிறப்ப பாக்கணும். நாளைக்கு நானும் வாரேன்."

சொன்னபடி வந்தார். டேங்கை நிரப்பச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்தார். சரம் பின்ன ஆள் பற்றவில்லை, பேசாமல் எங்களோடு வந்துவிடுங்கள் என்று ஒருத்தி சீண்டினாள். "வந்துருவேன். வாய மூடிட்டு வேல பாக்கணுமாமே, அதுதான் நமக்கு ஆகாது" என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, சூலக்கரை தாண்டி, இழுவை குறைந்தது. கார் முக்கிக் குலுங்கி நின்றது.

"யாரும் எறங்காதீக. பேசாதீக." அண்ணாச்சி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பெட்ரோல் வரும் குழாயில் கண்ணாடிபோல ஒரு ஃபில்டர் உண்டு. அது காய்ந்து கிடந்தது. டேங்க் நிறையப் பெட்ரோல், ஆனால் இஞ்சினுக்கு ஒரு சொட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பின்னால் போய் டேங்க் மூடியை மெதுவாகத் திருகினார். உஸ் என்று ஒரு சத்தம். உள்ளே அமர்ந்திருந்த எங்கள் காதுக்கே கேட்டது, ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சைப் போல. மூடியைத் தளர்வாக வைத்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். சற்று உறுமிப் பிடித்துக்கொண்டது.

ரப்பரை எடுத்து என் வீட்டுக்காரரிடம் காட்டினார். "வண்டிக்கு ஒண்ணுமில்ல மாப்ளே. மூக்கப் பொத்திட்டு ஓடச் சொல்லியிருக்கீக." பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டுமாம். மூடியில் அதற்கென்று சின்ன ஓட்டை இருக்கிறதாம். அதை ரப்பர் அடைத்துவிட்டது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று இன்னும் குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் நிற்கும். மாரியம்மா முகம் செத்துப்போயிற்று. அவளிடம் சொன்னார்: "பயந்தது தப்பில்லத்தா. வாட எங்கன இருந்து வருதுன்னு பாத்து அடைக்கணும், அம்புட்டுதான்." அன்று சாயங்காலமே டேங்க் குழாயில், துணி சுற்றி இறுக்கியிருந்த இடத்துக்குள்ளேயே, வெடித்திருந்த ரப்பரைக் கண்டுபிடித்து மாற்றினார். வாடை அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது அன்று காலையில் கம்பெனி கேட்டில் நடந்தது. தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். ஏஜெண்டு வாசலிலேயே நின்றார். ரப்பர் வைத்தது என் வீட்டுக்காரர் என்று ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் டிரிப் அன்றோடு போயிருக்கும். அண்ணாச்சி முந்திக்கொண்டு இறங்கினார். "வண்டிக்காரர் மேல குத்தமில்ல. ரெண்டு தடவ பாத்தும் மூடியத் தெறந்து பாக்காம விட்டது நானு. இனி நிக்காது" என்றார்.

"அப்ப ஒனக்குத் தொழில் தெரியாதுன்னு ஒத்துக்கிற" என்றார் ஏஜெண்டு, அத்தனை பெண்களும் கேட்க.

அண்ணாச்சி கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். "ஆமா. இதுல தெரியல" என்றார்.

சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தது, ஆள் வேண்டும். கேட்டைத் திறந்துவிட்டார்கள். டிரிப் எங்களிடமே இருந்தது. அண்ணாச்சி பஸ் ஏறித் திரும்பிப் போனார். அந்த நாளைப்பற்றி அதற்குப் பிறகு அவர் எங்களிடம் பேசியதே இல்லை.

கொஞ்ச நாளாக நெஞ்சை அழுத்துகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். டாக்டரைப் பார்க்கச் சொன்னவர்களுக்கெல்லாம் ஏதோ பகடி பேசியிருக்கிறார். நிற்கிறபோது பார்க்க வேண்டும் என்று சொன்னவர் சாய்ந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

துட்டி கேட்கச் சாவு வீட்டுக்கு அந்தக் காரிலேயே போனோம். என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிவிட்டதால் மகன் ஓட்டினான். ஏஜெண்டு பெரிய மாலையோடு முன்னால் நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை, இனியும் திரும்பமாட்டேன். அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் தங்கியது, பெருமை பேசியே வாழ்ந்த மனிதர் எங்களுக்காக வாய் திறந்து சொன்ன அந்த "தெரியல".

திரும்பி வரும்போது சூலக்கரை தாண்டி அதே இடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். மகன் ஏன் என்று கேட்டான். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. நான் இறங்கிப்போய் டேங்க் மூடியைத் திருகி, காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அவர் பார்த்த வேலை இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.