அம்மாவின் காலை இடாப்பு

எங்கள் அம்மா கண்மூடி ஒரு வருடம் நிறைகிறது. அழுது தீர்த்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லும் தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவர் அம்மா. கொழுந்து பறித்த பெற்றோரின் உழைப்பில் படித்து ஆசிரியையானார். கலஹா பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கே வாழ்நாளைக் கொடுத்தார். எங்கள் சிறுவயதிலேயே அப்பா எங்களை விட்டுப் போய்விட, அண்ணாவையும் என்னையும் தனியாளாக வளர்த்தார். மூன்றாம் வகுப்பில் நானும் அவரிடம்தான் படித்தேன். அங்கே "அம்மா" என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். எனக்கும் அவர் டீச்சர்தான்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வரவு இடாப்பில் பெயர் கூப்பிடும்போது, வராத பிள்ளைக்காகப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை எழுந்து, "வரல டீச்சர்" என்று சொல்ல வேண்டும். எனக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வரும். அந்த நாட்களில் எனக்காக எழுந்து நிற்பவள், என் வாங்கில் பக்கத்தில் உட்காரும் செல்வி. நான் வீட்டில் படுத்திருப்பது அம்மாவுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் செல்வி சொன்ன பிறகுதான் குறிப்பார். அந்த வருட மழையில் காய்ச்சல் கண்டு, வாகனம் வந்து சேர்வதற்குள் செல்வி போய்விட்டாள். அம்மா அவள் பெயரை இடாப்பிலிருந்து வெட்டவே இல்லை.

கடைசி மாதங்களில், கண்டி வீட்டில், அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. தினமும் காலை ஏழரைக்குக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய டயரியைத் திறந்து பெயர் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் பதில் கேட்டவர் போலத் தலையாட்டிக் குறிப்பார். நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

ஒருநாள் தேநீரோடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அது எங்கள் மூன்றாம் வகுப்பு. செல்வி, மண்சரிவில் போன இரட்டையர் என்று, கூப்பிட்டதெல்லாம் இறந்துபோனவர்களை மட்டும்தான். பிறகு ஒரு காலை, "ராஜேந்திரன்" என்றார்.

"அவன் தெல்தெனியவில கடை வச்சிருக்கான். நல்லாத்தானே இருக்கான்?" என்றார் அண்ணா.

மதியம் தகவல் வந்தது. காலையில் கடை திறக்கும்போதே சரிந்துவிட்டானாம்.

அதன்பின் தினமும் ஏழரைக்கு அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்துவிடுவேன். நானும் அந்த வகுப்புத்தானே. எழுந்து வெளியே போயிருக்கலாம். என் பெயர் வருகிறதா என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

கடைசிக் காலை, இரட்டையருக்குப் பிறகு அம்மா நிறுத்தினார்.

"மல்லிகா."

என் பெயர்தான்.

"மல்லிகா!"

அது வகுப்புக் குரல். பயத்தையும் மீறி நான் பாதி எழுந்துவிட்டேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் காதுகொடுத்தார்.

"வரலையா? சரி செல்வி, நீ உக்காரு."

குறித்துவிட்டு டயரியை மூடினார். அன்று மாலை அமைதியாகக் கண்மூடினார். அம்மா என்னைக் கூப்பிட்டதில் எனக்கு வருத்தமில்லை. மகள் என்பதற்காக ஒரு பெயரைத் தாண்டிப் போக அவருக்குத் தெரியாது.

அம்மாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரவு பகலாக உடனிருந்த அயலவர்களுக்கும், கலஹாவிலிருந்து பஸ் பிடித்து வந்து பாடை சுமந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எனக்காக அன்றும் எழுந்து நின்ற செல்விக்கும்.

மகள் மல்லிகா