தனம் மிஸ்ஸின் இருமல்

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் தனம் மிஸ்ஸின் மகள் ரேணுகா. "டீச்சர், அம்மா காலைல போயிட்டாங்க. கிட்னி ரெண்டும் ஏலாதுன்னு சொன்னாங்கதானே, அவ்வளவுதான்." "செத்தவீடு எங்கை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, "ஆர் ரீச்சர் செத்தது?" என்று கேட்டாள். "தெரிஞ்ச ஒராள். நீங்கள் அடுத்த கணக்கைச் செய்யுங்கோ" என்றேன். என் உயிரைக் காப்பாற்றிய மனுஷிக்கு நான் கொடுத்த பட்டம் அவ்வளவுதான்.

தனம் மிஸ்ஸை அறிந்தவர்களே, நீங்களும் அப்படித்தானே சொல்லியிருப்பீர்கள். ஜிந்துப்பிட்டியில் அந்தச் செத்த வீடு இருந்த குறுகிய ஒழுங்கை கொள்ளாத சனம். வெள்ளவத்தையிலிருந்து காரில் வந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள், கடை முதலாளிமார் எல்லோரும் நின்றோம். "உங்களுக்கு இவரை எப்படித் தெரியும்?" என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே! நெஞ்சுநோய் கிளினிக் ஒன்றில் சளி சேகரித்த தாதியை வேறு எங்கே வைத்துத் தெரிந்திருக்கப் போகிறோம்?

என் கதை இருமலில் தொடங்கியது. இரண்டு மாதமாக விடாத இருமல், பின்னேரமானால் காய்ச்சல், இடுப்பில் நிற்காத பாவாடை. மருத்துவர் சளி சோதிக்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார். காசநோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. பாமன்கடையில் நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம், ஜிந்துப்பிட்டி முருகனுக்கு நேர்த்தி என்று சொல்லிவிட்டு கொழும்பின் மற்றப் பக்கத்துக்குப் பஸ் ஏறினேன். தனியாக இருந்து வகுப்பு நடத்திச் சீவிக்கிற பெண் நான். ரீச்சருக்குச் சயரோகம் என்று ஒரு தாய் சொன்னால் போதும், அடுத்த கிழமை பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் வெறுமையாகிவிடும்.

முதல் நாள் கிளினிக்கில் ஒரு சின்னப் போத்தல் தந்தார்கள். மறுநாள் காலையில் எழும்பியதும் வாயைக் கொப்பளித்துவிட்டு அதில் சளி எடுத்து வரவேண்டும். எடுத்தேன். அந்தப் போத்தலைத் தாளில் சுற்றி, பொலித்தீனில் சுற்றி, புடவைக் கடைப் பை ஒன்றுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தால், பக்கத்தில் வந்து குந்தியவர் என் மாணவி ஒருத்தியின் பெரியம்மா. "என்ன ரீச்சர், புதுச் சாறியோ? காட்டுங்கோவன்." கை வேறு நீட்டிவிட்டார். "இல்லையக்கா, பிளவுஸ். பிழையாத் தைச்சுப் போட்டாங்கள், திருப்பிக் குடுக்கப் போறன்" என்று பையை மடியில் அமுக்கிப் பிடித்தேன். எனக்கு வியர்த்த வியர்வையில் பிளவுஸ் நனைந்ததுதான் மிச்சம்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன போத்தலைத் தனம் மிஸ் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகமூடிக்கு மேலே அவருடைய கண் சிரித்தது. "டீச்சர், இது எச்சில். இதைச் சோதிச்சா உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னுதான் வரும். நெஞ்சுக்கு அடியில இருந்து வரணும். வாங்க பின்னுக்கு." சளி, எச்சில் என்ற சொற்களை அவர் உப்பு, புளி என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குக் காது சூடேறியது.

பின்வளவில் கூரையில்லாத ஒரு மூலை. காற்றோட்டம் வேண்டும் என்பதால் இருமுகிறவர்களை அங்கேதான் நிறுத்துவார். அரை மதிலுக்கு அப்பால் நோயாளிகள் காத்திருக்கும் வாங்கு. ஆழமாக மூச்சை இழு, அடக்கு, பிறகு இருமு என்று செய்துகாட்டினார். மூச்சை இழுத்தேன். அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்பால் தெரிந்த குரல். என் வகுப்புக்குப் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றிவருகிற ஆள், தன் தகப்பனைக் கூட்டி வந்திருக்கிறார். இழுத்த மூச்சு அப்படியே நின்றது. "என்னால ஏலாது மிஸ். அவருக்கு என்னைத் தெரியும்" என்று அழுதேன்.

தனம் மிஸ் காற்று வரும் பக்கம் தள்ளிப் போய் நின்று, முகமூடியோடு தானே இருமத் தொடங்கினார். சும்மா செருமல் இல்லை. குடல் வெளியே வருகிற மாதிரி ஒரு இருமல். நடுவில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அந்தச் சத்தத்துக்குள் என் சத்தத்தையும் போட்டு இருமினேன். போத்தலில் வரவேண்டியது வந்தது. மதிலுக்கு அப்பால் ஒருவர், "மிஸ்ஸுக்கே பிடிச்சிட்டுது போல, பாவம்" என்றார்.

"உங்களைப் பத்தியெல்லோ கதைக்கினம்" என்று நான் கலங்கினேன். மூடியை இறுக்கி, போத்தலில் என் பெயரை எழுதி, சரிதானா என்று எனக்குக் காட்டியபடி அவர் சொன்னார்: "என்னைப் பத்திக் கதைச்சா என் சம்பளம் குறையாது டீச்சர். உங்களைப் பத்திக் கதைச்சா உங்க அடுப்பு அணைஞ்சிடும்." இப்படி இருமியது எனக்காக மட்டுமில்லை என்று பிறகு அறிந்தேன். யாருக்கு வெட்கமோ அவர்களுக்கெல்லாம் அவர் இருமினார்.

அவர் லேசுப்பட்ட ஆளுமில்லை. முருகனுக்கு நேர்த்தி என்று நான் சொல்லி வந்த கதையைக் கேட்டுவிட்டு, "விபூதி எங்க?" என்றார். விழித்தேன். "பொய் சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லணும்" என்று ஏசினார். அடுத்த முறை நான் போனபோது, தன் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் இருந்து விபூதிப் பொட்டலம் கொண்டுவந்து வைத்திருந்தார். வீட்டுக்கார அம்மா அதைப் பக்தியோடு வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டார்.

நோய் உறுதியான அன்றைக்கோ அந்தக் கேலி ஒன்றுமில்லை. "வகுப்பை நிப்பாட்டுங்க. நாங்க சொல்லும்வரைக்கும் பிள்ளைங்களுக்குக் கிட்டப் போகக்கூடாது. அதோட பிள்ளைங்க பேரெல்லாம் தாங்க" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "உங்க பேரை யாரும் சொல்லமாட்டாங்க. ஆனா பிள்ளைங்களைப் பார்க்காம விடமாட்டோம். வெக்கம் உங்களது, நெஞ்சு அவங்களது." கொடுத்தேன். இந்தியாவுக்கு யாத்திரை என்று சொல்லி வகுப்பை மூடினேன். சுகாதாரப் பகுதியினர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று தனம் மிஸ் சொன்ன அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. மாதக்கணக்கில் மருந்து குடித்துச் சுகமானேன்.

அதன்பிறகு ஒருநாள் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் அவரைக் கண்டேன். என்னோடு இரண்டு மாணவிகளின் தாய்மார் நின்றார்கள். வெளியில் கண்டால் நோயாளி கதைத்தால் மட்டுமே அவர் கதைப்பார். அது அவருடைய ஒழுங்கு. என்னைப் பார்த்தார், ஒரு கணம் பொறுத்தார், பிறகு கையில் இருந்த துணியை விரித்துப் பார்க்கத் தொடங்கினார். நான் கதைக்கவில்லை. பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் தொலைபேசியில் உருகி உருகிக் கதைப்பேன். ஆட்களுக்கு நடுவில் ஒரு சிரிப்புக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். ரேணுகா வீட்டில் சமைத்து, ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டுகளில் வேலை செய்பவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்துச் சீவிக்கிறவள். அன்றும் அவள்தான் சமைத்திருந்தாள். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். "கிட்னின்னு சும்மா சொல்றாங்க. வேலை செய்யிற காலத்துல இருந்தே அப்பிடி இருமுவாவாம்." "அந்த வீட்டுச் சாப்பாட்டை எப்பிடித் திங்கிறது?" இலை போட்டதும் ஒவ்வொருவராக எழுந்து, வேலை இருக்கிறது என்று போனார்கள். ரேணுகா கரண்டியோடு நின்றாள்.

நான் என்ன செய்தேன்? திரும்பி, "அது எனக்காக இருமின இருமல்" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இரு பெண்களில் ஒருத்தி எங்கள் ஒழுங்கையில் வீட்டு வேலைக்கு வருகிறவள். வாயை மூடிக்கொண்டேன். இலைக்கு முன்னால் ரேணுகா வந்து நின்றபோது, "வயித்துக்குச் சரியில்லையம்மா" என்றேன். "பரவாயில்ல டீச்சர்" என்றாள். என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும்போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பிறகு அவளே சொன்னாள், காசநோய்க் கதை யார்டுக்கும் போய், சோற்றுப் பார்சல் ஓடர்கள் பாதிக்குமேல் நின்றுவிட்டனவாம். யாரையும் திட்டவில்லை. "அம்மாவுக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறேன். கூட வேலை செஞ்சவங்க சிங்களத்துல எழுதித் தந்திருக்காங்க. தமிழ்ல நீங்க எழுதுங்க டீச்சர்" என்று மட்டும் கேட்டாள். சேவையின் சிகரம், கருணைக் கடல் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நிதானமாக வாசித்துவிட்டு, "நல்லா இருக்கு டீச்சர். ஆனா அம்மாவை எப்பிடித் தெரியும்னு ஒரு இடத்துலயும் இல்லையே?" என்றாள். அவள் குத்திக் கேட்கவில்லை. எனக்குத்தான் குத்தியது. அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தனம் மிஸ்ஸுக்குக் காசநோய் இருந்ததில்லை. பாமன்கடையில் கணித வகுப்பு நடத்தும் சிவகௌரியாகிய எனக்குத்தான் இருந்தது. ஒருநாள் சுகாதாரப் பகுதியினர் உங்கள் வீட்டுக்கு வந்து ஏன் பிள்ளையைச் சோதித்தார்கள் என்று இன்றுவரை யோசிக்கும் தாய்மாருக்கு இதுதான் பதில். உங்களிடம் அன்றே சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது சுகமான இந்த நெஞ்சு. அவர் எனக்காக வாங்கிக்கொண்ட நோயாளிப் பெயரை அவருடைய மகளின் அடுப்பில் இருந்து எடுத்து, இனி நானே வைத்துக்கொள்கிறேன். தினமும் எனக்கும் ஒரு மத்தியானச் சோற்றுப் பார்சல் வேண்டும் என்று ரேணுகாவிடம் சொல்லியிருக்கிறேன். வகுப்பு வழமைபோலத் திங்கட்கிழமை நடக்கும். யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது.