கடலுக்கு என்று சொல்லி வாங்கிய மோட்டார்

எட்மண்ட் மச்சான் ஏழு வருஷமாக என் அக்கா ஐவியைத் தினமும் துடுப்புப் போட்டு அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வந்துகொண்டிருந்தார். நீலகிரியில் பிக்கட்டிக்கு மேலே, அணைத் தண்ணீர் ஓரமாக அவர்கள் வீடு. அக்கரையில் மிஷன் நடத்தும் இரண்டறைப் பள்ளிக்கூடம். முப்பத்தொரு பிள்ளைகள். எல்லோருக்குமாக அக்கா ஒருத்திதான் டீச்சர். தண்ணீர் வழியாக முக்கால் மைல். ரோடு வழியாகப் போனால் பஸ்ஸில் மலையைச் சுற்றி இறங்கி, பிறகு மூன்று மைல் ஏற்றம். அக்காவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

மச்சான் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் இருபத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவர். எண்பத்தாறில் எஸ்டேட் கைமாறியபோது வேலையை விட்டார். துரைமார் காலத்தில் யாரோ மீன் பிடிக்க வைத்திருந்த படகு ஒன்று ஒரு ஷெட்டில் கிடந்தது. அதை வாங்கி, ஓட்டை அடைத்து, பச்சைப் பெயின்ட் பூசி, அணை இன்ஜினியரிடம் அனுமதிக் கடிதமும் எழுதி வாங்கினார். கரையோரம் கேரட் போடும் லிங்கசாமி அவருக்கு ‘டீச்சரம்மா டிரைவர்’ என்று பெயர் வைத்தார். மச்சானுக்கு அதில் வருத்தமே இல்லை. ஃபேக்டரியில் கிடைக்காத புரமோஷன் என்று சொல்லிக்கொள்வார்.

துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் மச்சானுக்கு எதிரில் எப்போதும் அக்கா முகம். பாறை வருவதையும் கரை நெருங்குவதையும் அக்காதான் பார்த்துச் சொல்வாள். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில்தான் வீட்டுப் பேச்செல்லாம் நடக்கும். அரிசி தீர்ந்தது, கூரைத் தகரம் ஆடுவது, பஹ்ரைனில் இருக்கும் நான் கடிதம் போடாதது, எல்லாமே.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதம் நான் லீவில் வந்தபோது மச்சானின் வலது தோள் இறுகிப்போயிருந்தது. சட்டையை அக்காதான் மாட்டிவிட்டாள். ஜூனில் மழைக்காற்று தொடங்கினால் இரண்டு தோளும் நன்றாக இருக்கிறவனுக்கே துடுப்பு கனக்கும். மிஷன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது. பள்ளி திறக்கும் ஜூன் ஏழாம் தேதிக்குள் அக்கா முடிவை எழுதித் தபாலில் போட வேண்டும். அங்கேயே இருப்பதா, குன்னூருக்கு மாற்றல் வாங்கிக்கொள்வதா. அவள் போனால் அக்கரைக்கு வேறு டீச்சர் வருவார் என்று ஆபீஸ் எழுதவில்லை. அக்கா பதில் எழுதாமல் கடிதத்தை ரேடியோவுக்கு அடியில் வைத்திருந்தாள்.

“ஒரு மோட்டார் வாங்கிப் போட்டா ஆச்சு. பழசா இருந்தா என்ன, நான் ஃபிட்டர்தானே?” என்றார் மச்சான்.

நான் பஹ்ரைனிலிருந்தே ஒரு மிதவைச் சட்டை வாங்கி வந்திருந்தேன். ஏழு வருஷமும் நீலகிரியில் மழை என்று அங்கே ரேடியோ சொன்னால் இவர்கள் படகு கவிழ்ந்ததாகவே எனக்குத் தோன்றும். அந்தச் சட்டையை அக்கா மடித்துப் படகுப் பலகையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மெத்தென்று இருக்கிறதாம்.

கோழிக்கோட்டுப் பக்கம் பேப்பூரில் மீன்பிடிக்காரர்களின் பழைய மோட்டார்களைச் சரிபார்த்து விற்கும் ஹரிதாஸ் என்ற மெக்கானிக்கைப் பற்றி மச்சானின் லாரிக்கார சிநேகிதர் ஒருவர் சொல்லியிருந்தார். நானும் மச்சானும் விடியலில் கூடலூர் வழியாகக் கோழிக்கோட்டுப் பஸ் ஏறினோம். பஸ் மலை இறங்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஊட்டிக்காரன் என்று தெரிந்தால் கீழே எந்தக் கடையிலும் விலை ஏறிவிடும். எங்கள் மலையில் எல்லோரும் நம்புகிற விஷயம் இது. ஆகவே நிலம்பூர் வருவதற்குள் இருவரும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். மச்சானின் குரங்குக் குல்லாவையும் நானே வாங்கிப் பைக்குள் திணித்தேன். எங்கிருந்து வருகிறோம் என்று வாயைத் திறக்கக் கூடாது என்றேன். மச்சானுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வெளிநாட்டில் இருக்கிற மைத்துனன் விவரமானவன் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

ஹரிதாஸ் ஒல்லியான மனிதர். முழங்கை வரை கிரீஸ். எட்டு குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி, கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். பீப்பாய்த் தண்ணீர் கொதிப்பதுபோல் பொங்கியது. மச்சான் காதைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். ஃபேக்டரியில் தேயிலை உருட்டும் ரோலர் ஓடும்போது அப்படித்தான் கேட்பாராம்.

“பெட்ரோலில் ஸ்டார்ட்டாக்கி, பின்னே மண்ணெண்ணெயில் ஓட்டணும். இது எங்கே ஓடப் போகுது? கடலிலோ, புழையிலோ?” என்றார் ஹரிதாஸ். புழை என்றால் மலையாளத்தில் ஆறு.

மச்சான் வாயைத் திறக்கும் முன்னே நான் சொன்னேன். “கடல்லதாங்க.”

கையைத் துடைக்க மச்சான் பையிலிருந்து துண்டை இழுத்தார். கூடவே குரங்குக் குல்லாவும் வந்து கீழே விழுந்தது. ஹரிதாஸ் அதை எடுத்து, மண்ணைத் தட்டி மச்சானிடம் கொடுத்தார். பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. பில்லில் பக்கத்துக் கடையின் போன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மோட்டாரைச் சாக்கில் சுற்றி பஸ் கூரையில் ஏற்றினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது உருண்டு விழுகிற சத்தம் கேட்பதாக எனக்கு ஒரு பிரமை. மச்சான் தூங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை படகில் மாட்டி இழுத்தோம். மூன்று, எட்டு, பதினைந்து இழுப்பு. வலது தோள் ஆகாததால் மச்சான் இடது கையால் இழுத்தார், பிறகு நான். ஒருமுறை இருமியது, கரும்புகையைக் கக்கியது, நின்றது. பிளக்கைக் கழற்றினால் நனைந்து கிடந்தது. துடைத்து மாட்டினால் மறுபடி நனைந்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றும் கட்டமே வரவில்லை. கரையில் லிங்கசாமி கேரட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க டிரைவரே, கொசு மருந்து அடிக்கறீங்களா? வாசமாத்தான் இருக்குது.”

இப்படியே நாலு நாள். ஜூன் மூன்றாம் தேதி ஆகிவிட்டது. மச்சானுக்கு ரோலர் தெரியும், டிரையர் தெரியும், ஃபேக்டரியின் டீசல் இன்ஜினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பார். டீசல் இன்ஜினில் எண்ணெயையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் கிடையாது. இதில் கோளாறே அங்கேதான் என்பது வரை கண்டுபிடித்திருந்தார். என்ன கோளாறு என்று பிடிபடவில்லை. ஏமாந்துவிட்டோம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்று சாயங்காலம் அக்கா ரேடியோவைத் தூக்கி, கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, பேனா தேடினாள். மச்சான் அதைப் பார்த்தார்.

“மாப்ளே, அந்த பில்லு எங்க வெச்சிருக்கே?”

மறுநாள் காலை எஸ்.டி.டி. பூத்தில் நான் வெளியே நின்றேன். கதவு சரியாகச் சாத்தாததால் மச்சான் பேசியது கேட்டது.

“ஏனுங்க, நான் கடல்காரன் இல்லீங்க. ஊட்டிக்கு அந்தப் பக்கம் குந்தா மலைல இருக்கறவன். பொய் சொல்லிப்போட்டோம். மன்னிச்சுக்கோணும்.”

அந்தப் பக்கம் ஹரிதாஸ் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு போகிற கடல் எந்தக் கடல் என்று அன்றைக்கே யோசித்தாராம். சொல்ல மனமில்லாதவர்களைத் துருவிக் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டாராம். மலையில் ஓட்டப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே மாற்றிக் கொடுத்திருப்பாராம். உயரத்தில் காற்று கம்மி, அதற்குத் தக்கபடி எண்ணெயும் கம்மியாகப் போக வேண்டும். கடலுக்கு வைத்த அளவில் போனால் இன்ஜின் மூழ்கித்தான் போகும். குளிரில் மண்ணெண்ணெய் ஆகவே ஆகாது, பெட்ரோல் மட்டும்தான். கார்புரேட்டரில் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு இருக்கும், நடுவில் மயிரிழை ஓட்டை. அந்த ஓட்டை இன்னும் சிறியதாக உள்ள ஜெட்டும், மோட்டார் அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி சின்னதாக ஒன்றும் நாளை மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். விலை என்ன என்று மச்சான் கேட்டார். குளிர் விட்டதும் ஒரு பை கேரட் அனுப்பச் சொன்னாராம். நான் அந்தப் பூத்து வாசலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மச்சான் வெளியே வந்து என் முதுகில் தட்டினார். அதற்குமேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

ஆறாம் தேதி மத்தியானம் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பொட்டலத்தைக் கொடுத்தார். வாழைநாரில் கட்டிய பொட்டலம். உள்ளே துண்டுக் காகிதத்தில் மலையாளமும் தமிழும் கலந்து ஒரு வரி: காலையில் கார்புரேட்டர் மேலே வெந்நீர் ஊற்று, அப்புறம் இழு. ஜெட்டையும் விசிறியையும் மச்சான் அன்று ராத்திரியே மாட்டிவிட்டார்.

ஏழாம் தேதி காலை மழை தூறியது, காற்று எதிர்க்காற்று. அக்கா குடையும் நோட்டுக்கட்டும் டீக் கெட்டிலுமாக இறங்கி வந்தாள். கெட்டிலில் இருந்தது வெந்நீர். மச்சான் அதை மெல்ல ஊற்றினார். ஆவி எழுந்தது.

“மோட்டாருக்கு டீ குடுத்தாச்சு. பொறை வேண்டாமா?” என்றார் லிங்கசாமி.

மச்சான் இடது கையால் இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

வேகம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. உயரத்தில் அதன் பலத்தில் கால்வாசி போய்விடும் என்று ஹரிதாஸ் சொன்னது சரிதான். லிங்கசாமி கொஞ்ச தூரம் கரையோரமாகக் கூடவே நடந்து வந்தார், தண்ணீர் வளையும் இடம்வரை. ஆனால் காற்றை எதிர்த்து நேராகப் போனது, நிற்காமல் போனது. நான் முன்னால், முனையில் உட்கார்ந்து சத்தம் மாறுகிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். மாறவில்லை.

பாதி வழியில்தான் திரும்பிப் பார்த்தேன். மச்சான் பின்னால், மோட்டார்க் கைப்பிடியோடு. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் போகிற திசையைப் பார்த்தபடி. அக்கா அவருக்கு நேராக நடுப் பலகையில், மிதவைச் சட்டை மேல், பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இப்படித் திரும்பி உட்கார்ந்து குடையை முன்னால பிடியேன். மழை முதுகுல அடிக்குது.”

“அடிக்கட்டும். அப்புறம் நான் யாருகிட்டடா பேசறது?” என்றாள். மோட்டார் சத்தத்தில் இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மச்சானிடம் சொன்னாள். “ஏனுங்க, பாறை வந்தா இனிமே நீங்கதான் சொல்லோணும்.”

“வருது. கொஞ்சம் எடது பக்கமாப் போறேன்” என்றார் மச்சான்.

கரையில் பிள்ளைகள் குடை இல்லாமல் வரிசையாக நின்று, மோட்டார் சத்தத்துக்குக் கை தட்டினார்கள். அக்கா இறங்குவதற்கு முன் நோட்டுக்கட்டுக்குள்ளிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்து, ஊட்டியில் தபாலில் சேர்க்கும்படி என்னிடம் கொடுத்தாள். மிஷன் ஆபீஸ் விலாசம். எப்போது எழுதினாள் என்று கேட்டேன்.

“நேத்து ராத்திரி. இங்கயேதான் இருப்பேன்னு. மோட்டார் ஓடுமான்னு தெரியறதுக்கு முன்னாடியே” என்றாள்.

மழையில் நனையாமல் அதை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.