ஆழாக்கு இல்லாத வியாபாரம்

ஈரச் சாக்கை விலக்கி, ஆவி முகத்தில் அடிக்காமல் கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள் அம்சவேணி. வாயில் போடுவதில்லை. விரலில் மாவாக ஒட்டினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். உப்பு போதுமா என்பதை மோந்தே சொல்லிவிடுவாள். வீட்டில் வேகவைப்பவன் புருஷன் சின்னசாமி. அவன் கைப்பக்குவத்தில் அவளுக்கு இருபது வருஷமாக நம்பிக்கை கிடையாது.

வரதய்யபாளையம் சந்தையில் மாட்டுத் தரகர்கள் நிற்கும் வரிசைக்கு எதிரே அவள் இடம். ஒரு முழங்காலைக் குத்திட்டு உட்கார்ந்தால் கூடை காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். முகத்தை வைத்து ஆள் அடையாளம் தெரியாது அவளுக்கு. நிமிர்ந்து பார்த்தால்தானே? கூடைக்கு நேரே வருகிற கைகளைத்தான் பார்க்கிறாள். “இந்த நகம் செத்த கையி போன வாரம் வர்லியே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று விசாரிப்பாள். கைக்கு உரியவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்.

கைகளோடு இத்தனை பழக்கம் ஏற்பட்டது சர்க்கார் புண்ணியத்தில். முன்பு அவளிடம் கடலை அளந்துபோட ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. அதன் விளிம்பில், அளவு சரி என்று வருஷா வருஷம் குத்திய சென்னை ராஜ்யத்து முத்திரைகள் வரிசையாக இருந்தன. 1960 ஏப்ரலில் எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, சத்தியவேட்டுச் சுற்றுவட்டாரம் ஆந்திராவோடு சேர்ந்தது. அம்சவேணி உட்கார்ந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனாலும் அவள் ஆழாக்கு வெளிராஜ்யத்துச் சாமானாகிவிட்டது. புது முத்திரை வாங்க இரண்டு பஸ் மாறிப் போனாள். முத்திரை குத்துபவர் முகாம் போயிருந்தார். மறுபடியும் போனாள். அன்றைக்கு அவர் இருந்தார், முத்திரை அச்சு வந்துசேரவில்லை.

“ஒரு ஆழாக்குக்கு மூணு தபா பஸ்ஸு ஏறுனா, அப்பால நான் வேர்க்கல்ல எங்க விக்கிறது? பஸ்ஸுலயேதான் விக்கணும்” என்று திரும்பி வந்தவள், ஆழாக்கைக் கோழிக்குத் தவிடு வைக்கப் போட்டுவிட்டாள். அடுத்த சந்தையில், ஒரு பிடி மூன்று பைசா என்று குரல் கொடுத்தாள்.

முதலில் தன் கையால்தான் அள்ளிக் கொடுத்தாள். சின்னக் கை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். “அப்டியா? ஒன் கையாலயே வாரிக்க, எனக்கின்னா” என்று கூடையைத் திறந்துவிட்டாள். சந்தை சும்மா இருக்குமா? முறம் மாதிரி உள்ளங்கை படைத்த வண்டிக்கார அப்பாவுவை ஆளாளுக்குக் கையோடு கூட்டிவர ஆரம்பித்தார்கள். அவன் ஒரு பிடி எடுத்தால் கூடையில் பள்ளம் விழும். அவனுக்குக் கூலி, எடுத்ததில் நாலு கடலை. மூன்று சந்தை பொறுத்துப் பார்த்தவள், நான்காவது சந்தையில் கூடையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“யாரு துன்றாங்களோ அவங்க கைதான் உள்ள வரணும். நீ துன்றியா, ஒனக்கு வாரிக்க. ஊருக்கெல்லாம் வாராத.”

அன்றிலிருந்து அப்பாவு அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறான். அம்சவேணிக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போன சந்தையன்று எடையளவு இன்ஸ்பெக்டர் ரங்கையா வந்தார். பின்னால் வந்த பியூன் தோளில் ஒரு சாக்கு. அதற்குள் முத்திரையில்லாமல் பறிமுதலான படிகளும் உழக்குகளும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. பயறு விற்கிற மணியம்மா, கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று அழுதுகொண்டு அவர்கள் பின்னாலேயே வந்தாள். அம்சவேணி கூடையை முழங்காலோடு இழுத்துக்கொண்டாள். அதையும் அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அடுத்த வாரத்துக்குப் பச்சைக்கடலை வாங்க வழியில்லை. வீட்டில் உலை கொதிப்பதும் அந்தக் கூடையை நம்பித்தான்.

“ஏமம்மா, ஆழாக்கு எக்கட?” என்று தெலுங்கில் ஆரம்பித்தார் ரங்கையா.

“வூட்ல கீது சாமி. கோழி துன்னுது அதுல.”

“அப்ப எதால அளக்கறே?”

“நான் எங்க அளக்கறேன்? வாங்கறவங்க வாரிக்கினு போறாங்க.”

ரங்கையா கூடையைச் சுற்றி வந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பறிமுதல் செய்யத் தோதாக ஒன்றும் அகப்படவில்லை. நோட்டைப் பிரித்து அவள் பேரை எழுதினார். கைப்பற்றிய பொருள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“கை கூட ஒரு அளவுதான் கதா” என்றார், தனக்கே நிச்சயமில்லாமல்.

“அப்டின்னா எல்லார் கைக்கும் முத்திர குத்திட்டுப் போங்க சாமி. இங்கதான் நின்னுகினு கீறாங்க.”

மாட்டுத் தரகர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

வெயில் ஏறிவிட்டிருந்தது. காலையிலிருந்து சந்தையைச் சுற்றி வந்த மனுஷர். கூடையிலிருந்து உப்பு மணம் வேறு மேலே வந்துகொண்டிருந்தது. ரங்கையா எழுதியதை அடித்தார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சட்டைப்பையில் துழாவி மூன்று பைசாவை அவள் முன்னால் வைத்துவிட்டு, குனிந்து கூடைக்குள் கைவிட்டார். விரல்களை அகல விரித்து அள்ளி, ஒன்றும் சிந்தாமல் பதனமாகத் தூக்கினார்.

அம்சவேணி இரண்டு விரலால் அவர் மணிக்கட்டுக்குக் கீழே லேசாக ஒரு தட்டு தட்டினாள். குவியலின் மேலே நின்ற மூன்று கடலைகள் கூடைக்குள் திரும்பி விழுந்தன.