பச்சை ஜமக்காளம்

அன்று அந்தப் பங்களாவில் இருந்தவர்கள் அம்மா, மாமா, கணக்கப்பிள்ளை, மூன்று வயதுத் தம்பி, நான். ஐந்து பேர். எழுதி வைத்துவிட்டால் மனசு அடங்கும் என்று எழுதுகிறேன். இப்போதும் படுக்கையில் விரல் விட்டு எண்ணினால் ஆறு வருகிறது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் பாதி காலியான வருஷம். என் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தபோது என்னைச் சேர்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அடையாற்றங்கரைப் பங்களாக்காரர்கள் மலைப்பக்கம் போய்விட்டார்கள். தோட்டத்துக்கு அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. சாவியும் பணமும் கணக்கப்பிள்ளையிடம். காவலுக்கு, அந்த வீட்டுப் பிள்ளைகளை வளர்த்த ஆயாம்மா. வெள்ளிக்கிழமைகளில் வீட்டைப் பெருக்க அம்மா மந்தைவெளியிலிருந்து எங்களையும் இழுத்துக்கொண்டு நடப்பாள்.

தோட்டத்தின் நடுவே அல்லிக்குளம். அதன்மேல் மாமா ஒரு மிதக்கும் பெரணியை வளர்த்தார். ஒவ்வொரு செடியும் சுண்டுவிரல் நகத்தளவுதான். சாணியைக் கரைத்து ஊற்றினால் ஒன்று பத்தாகும். கொசு முட்டை வைக்க இடம் விடாது என்று வீட்டுக்கார அம்மாள் ஆசையாகக் கொண்டுவந்தது. மாமா அதைப் பச்சை ஜமக்காளம் என்பார். கூடை கூடையாக அள்ளி வாத்துகளுக்குப் போடுவார். அள்ளிய இடம் மூட நாலைந்து நாள் ஆகும். அள்ளாமல் விட்டாலோ தரைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசமே தெரியாது.

சில வாரங்களாக ஆயாம்மாவைக் காணோம். "சம்பளம்கூட வாங்காம ராவோட ராவா ஊருக்குப் போயிட்டா. பட்டணமே ஓடுது, அவ ஓடினா என்ன?" என்றார் கணக்கப்பிள்ளை. எனக்குப் பொரியுருண்டை கொடுப்பவள் என்னிடம் சொல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

அன்று மாமா குளத்தின் கிழக்கு மூலையைப் பெருமையாகக் காட்டினார்.

"இங்க பாரு அக்கா. இந்த மூலைக்கு நான் சாணியே ஊத்தல. எப்டி மெத்தை மாரி செழிச்சி கீது!"

வாத்துகள் அந்த மூலைப் பக்கம் போகாமல் இருந்தன. ஏதோ நாற்றமும் வந்தது. ஆறு வற்றினால் அப்படித்தான் நாறும் என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

வேலை முடிந்து வந்தவள் கேட்டாள்: "எங்கடி உன் தம்பி?"

தோட்டம் முழுக்கக் கூப்பிட்டோம். பதில் இல்லை. அம்மா குளத்தங்கரையில் நின்றுவிட்டாள்.

"இன்னாத்துக்கு அக்கா அங்க நிக்கிற?" என்றார் மாமா. "பச்சை எங்கியாச்சும் கலைஞ்சி கீதா? புள்ள வுழுந்திருந்தா பொத்தல் தெரியாதா?"

நான் எதற்கும் பயப்படுகிறவள். குளத்தை வேறு யாரும் பார்க்காதபோதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள். "அது மூடிக்கும் மாமா" என்றேன். அவர் சிரித்தார். ஒரு செங்கல் துண்டை எடுத்துப் போட்டேன். பச்சை பிளந்தது. உள்ளே தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செடிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்ந்து வந்து மூடிக்கொண்டன. கல் விழுந்த சுவடே இல்லை. மாமாவின் சிரிப்பும் நின்றுபோனது.

அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "எறங்குடா! எறங்கித் தேடுடா!"

"செடியெல்லாம் பாழாயிடும்ப்பா, அம்மாளுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் கணக்கப்பிள்ளை. மாமா காதில் வாங்காமல் மூங்கில் கழியோடு இறங்கினார். பச்சையைக் கிழித்துக்கொண்டே போய்க் கிழக்கு மூலையில் நின்றார். கழி எதிலோ இடித்தது. முதலில் மேலே வந்தது ஓர் அரிக்கேன் விளக்கு. விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று அப்போது எல்லோரும் சுற்றியதுபோல் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. அல்லித் தண்டு பின்னிய புடவைத் தலைப்பு ஒன்று அதோடு கூடவே இழுபட்டு வந்தது.

அம்மா என் கண்ணைப் பொத்தினாள்.

அந்த நேரம் பார்த்து, வாத்துக் கொட்டகையில் வைக்கோலுக்குள் தூங்கிப்போயிருந்த தம்பி எழுந்து அழுதான். அம்மா ஓடிப்போய் அவனை வாரியெடுத்து, முத்தமிட்டு, முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் எங்களை வீட்டுக்கு நடத்தினாள்.

"ஆயாம்மா புடவை மாரி இருந்திச்சே?" என்று வழியில் கேட்டேன்.

"பழைய துணி. ஆயாம்மா ஊருக்குப் போயி கீது. வாய மூடிக்கினு நட."

நம்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் அம்மா தன் தலைப்பூவை எடுத்துக் கிழக்கு மூலையில் போடுவாள். பச்சை அதை முழுகவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கும். யாருக்குப் பூ என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கிருந்த கவலை வேறு. காசில்லாமல் ஆயாம்மா ஊரில் என்ன சாப்பிடுவாள்? கணக்கப்பிள்ளையைக் காணும்போதெல்லாம், "ஆயாம்மாவுக்குச் சம்பளம் அனுப்பிட்டீங்களா?" என்று நச்சரிப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

ஆயாம்மாவே என்னிடம் சொன்ன கணக்கு: மாசம் ஏழு ரூபாய், இரண்டு மாசத்துச் சம்பளம். பதினாலு ரூபாய் இன்னும் பாக்கி.