எட்டு எண்ணும் இடைவெளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இருபத்திரண்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போதாததற்கு நாங்கள் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற ஆட்கள், நூல் கட்டுவது, குறி கேட்பது எல்லாம் எங்கள் வீட்டில் பேச்சுக்கும் கிடையாது. இதை வாசித்துவிட்டு 'பாவம், ரீச்சருக்குத் தனிமை, அதுதான்' என்பீர்கள் என்றும் தெரியும். கனடாவில் இருக்கும் என் தம்பியும் அதையேதான் சொன்னான்.

சொந்த வீடு அரியாலையில். பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தபோது, தினமும் இரண்டு பஸ் மாறி அலைய முடியாமல் அங்கேயே ஒரு வீட்டில் இருக்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர் லண்டனில். வாடகை வேண்டாம், கூட்டித் துடைத்து, மாமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருந்தால் போதும் என்றார்கள். ஆறு அறை இருந்தது, நான் பாவித்தது ஒன்றே ஒன்று. அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வந்தால் மறுநாள் காலைவரை நான் வாய் திறந்து பேச ஒரு சீவன் இல்லை. மீன்காரர் வந்தால் தேவையில்லாமல் இரண்டு கேள்வி கூடக் கேட்பேன், அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டே பதில் சொல்வார்.

அந்த நேரத்தில்தான் கல்வி வலய அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள், வகுப்பறைக்குப் பொட்காஸ்ட் செய்வது எப்படி என்று. பாடத்தை ஐந்து நிமிட ஒலிப்பதிவாக்கிப் பிள்ளைகளின் வீட்டுப் போனுக்கு அனுப்ப வேண்டும், மறுநாள் வகுப்பில் அதையே போட்டு, நிறுத்தி நிறுத்திக் கதைக்க வேண்டும். பயிற்சி தந்தவளுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கேள்வியைக் கேட்டிட்டு உடனை பதிலைச் சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர். மனதுக்குள்ளை எட்டு மட்டும் எண்ணுங்கோ. வீட்டிலை கேக்கிற பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும்."

எனக்கு அது பிடித்துக்கொண்டது. மூன்று மணி வெயிலில் யன்னலைச் சாத்திவிட்டு, அலுமாரியைத் திறந்து, எதிரொலி வராமல் இருக்கச் சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பேசுவேன். வெளியில் இருந்து பார்த்தால் விசர் என்றுதான் நினைப்பார்கள். ஏழாம் வகுப்பு, பதினேழு பிள்ளைகள். முதல் நான்கு பாடத்தையும் திறந்து பார்த்ததே இரண்டு பேர். எனக்கு அழுகை வந்தது, உண்மையாகச் சொல்கிறேன். பாடம் போகாததற்கு இல்லை. நான் பேசியதை ஒருவரும் கேட்கவில்லையே என்றுதான்.

ஐந்தாவது பாடம் சூரியத் தொகுதி. மறுநாள் வகுப்புக்குள் போனதும் ஒரே இரைச்சல்.

"ரீச்சர், அந்தப் பிள்ளை ஆர்?" என்று முதல் வாங்கில் இருக்கும் துவாரகா கேட்டாள்.

"எந்தப் பிள்ளை?"

"உங்களோடை இருந்து பதில் சொல்லுறவ. எங்களுக்கு முந்திச் சொல்லிப்போடுறா ரீச்சர்."

பின்னால் இருந்து ஒரு பெடியன் கத்தினான். "கோள் எத்தினை எண்டு கேட்டீங்களெல்லோ, அவ ஒன்பது எண்டவ. பிழை! நாங்கள் எட்டு எண்டு சொல்லி வெண்டிட்டம்."

என்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்து, பதிவை வகுப்பிலேயே போட்டேன். என் கேள்வி கேட்டது. பிறகு ஒரு காகம். பிறகு என் பதில். அந்தக் காகத்துக்கும் என் பதிலுக்கும் நடுவில், எனக்கு ஒன்றுமே கேட்காத இடத்தில், பதினேழு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

இடைவேளையில் கணக்குப் படிப்பிக்கும் நேசன் சேரிடம் போனேன். கடவுளையே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நம்புவேன் என்கிற மனிதர். விஷயத்தைச் சொல்லாமல் இயர்போனை அவருடைய காதில் மாட்டிவிட்டேன். கேட்டுவிட்டு, "ஆர் ரீச்சர் பிள்ளை? பத்துப் பதினொரு வயசு இருக்கும்போலை. வடிவாக் கதைக்கிறா" என்றார். எனக்குக் கேட்கவில்லை என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒருக்காக் காதைக் காட்டுங்கோ" என்றார்.

காட்டினேன். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் உயர்த்தினேன். காதில் ஒரு குறையும் இல்லை.

நம்பினால் நம்புங்கள், பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பயம். ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுகிற செயலியில், சத்தம் மேலும் கீழுமாகக் கோடாகத் தெரியும், பேசாத இடத்தில் கோடு நேராக ஓடும். நான் மனதுக்குள் எட்டு எண்ணிய இடத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கோடு ஏறி இறங்கியிருந்தது. ஒருவர் ஒரு சொல் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி. கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு இல்லை.

லண்டனுக்குப் போன் எடுத்து, அந்த வீட்டில் முன்பு பிள்ளைகள் யாரும் இருந்தார்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "எங்களுக்குப் பிள்ளையள் இல்லை அக்கா, தெரியும்தானே. நாங்கள் கட்ட முந்தி அது வெறும் வெங்காயத் தோட்டம்" என்றார் வீட்டுக்கார அம்மா.

நிறுத்தியிருக்க வேண்டும் என்பீர்கள். நான் நிறுத்தவில்லை. ஏனென்றால் பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவளை முந்த வேண்டும் என்பதற்காகவே பாடத்தை முதலே படித்துவிட்டு வந்து போனைச் சுற்றி இருந்தார்கள். தாங்களும் பொட்காஸ்ட் செய்தார்கள், கேள்வி கேட்டு, எட்டு எண்ணி, அவள் பதில் சொல்வாளா என்று பார்த்தார்கள். சொல்லவில்லை. "அவ உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறா ரீச்சர்" என்றாள் துவாரகா.

அது என்னைச் சுட்டது. என் அறையில், எனக்குப் பக்கத்தில் இருந்து ஒருத்தி எனக்குப் பதில் சொல்கிறாள், ஊரெல்லாம் கேட்கிறது, எனக்கு மட்டும் இல்லை. பயத்தைவிடப் பொறாமைதான் கூட இருந்தது. எட்டை இருபதாக்கினேன். சேலைகளுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் மணி அடிக்க முன்னமே துவாரகா என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ரீச்சர், அவ நேற்றுப் பதில் சொல்லேல்லை. உங்களைக் கேட்டவ."

"என்னத்தை?"

"'ரீச்சர், நான் சொல்லுறது உங்களுக்குக் கேக்குதோ' எண்டு. ரெண்டு தரம் கேட்டவ. நீங்கள் பேசாமல் அடுத்த கேள்விக்குப் போட்டீங்கள்." அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "பாவம் ரீச்சர் அவ."

அன்று பின்னேரம் பாடம் ஒன்றும் பதியவில்லை. அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, கேக்குது. எல்லாம் கேக்குது" என்று சொன்னேன். பொய். பேசிப் பேசிப் பதில் வராமல் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன். பிறகு இருபது எண்ணினேன். அந்தப் பதிவைத் துவாரகாவின் தாயின் போனுக்கு மட்டும் அனுப்பினேன்.

காலையில் அவளை மறித்துக் கேட்டேன். "என்ன சொன்னவ?"

துவாரகா நிலத்தைப் பார்த்தாள். "'கேட்டதெண்டால், என்ரை பேர் என்ன, சொல்லுங்கோ' எண்டவ. நீங்கள் கனநேரம் பேசாமல் இருந்தீங்கள். பிறகு 'சரி ரீச்சர்' எண்டவ."

"என்ன பேர் பிள்ளை? உங்களுக்குச் சொன்னவவோ?"

"எங்களுக்கு ஒரு நாளும் சொல்லேல்லை ரீச்சர். உங்களுக்குத்தான் சொல்லியிருப்பா."

அதற்குப் பிறகு ஒருவருக்கும் அவள் குரல் கேட்டதில்லை. பழைய பதிவுகளிலும் இல்லை, நேசன் சேரும் போட்டுப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். பிள்ளைகள் இரண்டு கிழமை தேடினார்கள், பிறகு மறந்துபோனார்கள். பிள்ளைகள்தானே.

எனக்கு அரியாலைக்குக் கிட்ட மாற்றம் கிடைத்தது, நான் போகவில்லை. இப்போதும் பாடம் பதிகிறேன். பாடம் முடிந்த பிறகு, அவளுடையதாக இருக்குமோ என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு இருபது எண்ணுகிறேன், அந்தத் துண்டை ஒருவருக்கும் அனுப்புவதில்லை. நேற்று 'வசந்தி' என்று சொன்னேன். கோடு நேராகத்தான் ஓடியது.